வெள்ளை லென்ஸின் இடது ஓரம்

உலகத்தில் படம் எடுப்பதற்காகக் கேமரா வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அடுத்தவன் லென்ஸ் எவ்வளவு மட்டம் என்று சொல்வதற்காக வாங்குகிறவர்களே அதிகம். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பென்னலூர் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் உள்ள கம்பெனிகளில் வேலை பார்க்கிற ஒரு கூட்டம், கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, நாரைக்கு முதுகைக் காட்டி நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கேனானில் எடுத்தால்தான் மனுஷன் முகம் மனுஷன் முகமாக இருக்கும் என்பான் ஒருவன். நிக்கானில் புல்லின் பச்சையைப் பார்த்திருக்கிறாயா என்பான் இன்னொருவன். சோனிக்காரன் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்து, உங்கள் தாத்தா காலத்துச் சண்டையை இன்னும் விடவில்லையா என்று கேட்பான். அதற்குள் நாரை பறந்து போயிருக்கும். இந்தக் கூட்டத்துக்கு 'ஒரகடம் ஃபோகஸ்' என்று பெயர். வாட்ஸ்அப்பில் ஒரு குழு, குழுவுக்கு அட்மின் ரகு.

ரகு, செல்போனுக்குள் வைக்கிற குட்டிக் கேமராக்களைச் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் இன்ஜினியர். அவனிடம் ஒரு நீளமான வெள்ளை லென்ஸ் இருந்தது. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. வெள்ளை லென்ஸ் செய்கிறவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள், நமக்கு எதற்கு வம்பு? அந்த லென்ஸைக் கைக்குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டுதான் ஏரிக்கரையில் நடப்பான். மற்றவர்களின் லென்ஸை ஒரு பார்வை பார்ப்பான், ஒரு வார்த்தை சொல்வான். கேமராவோடு சேர்ந்து வருகிற சாதாரண லென்ஸுக்கு அவன் வைத்த பெயர் 'இலவச இணைப்பு'. சாம்சனின் பழைய நிக்கான் லென்ஸுக்கு 'சோடா பாட்டில் அடி'. சாம்சன் பென்னலூர்க்காரன், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான், ஒன்றையும் மறக்க மாட்டான்.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு, வேறு எந்த ஊர்ப் புகைப்படக்காரர்களிடமும் நான் பார்க்காதது. யாராவது லென்ஸ் கொண்டுவந்தால், செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து, முன்பக்கம் கண்ணை வைத்து உள்ளே தூசி தேடுவார்கள். தூசி இருந்தால் லைனிலிருந்து எடுத்துவந்த சிவப்பு ஸ்டிக்கரை அந்த லென்ஸில் ஒட்டிவிடுவார்கள். 'என்ஜி' என்று அச்சடித்த ஸ்டிக்கர், கம்பெனியில் கழித்துப்போட்ட பொருளின் மேல் ஒட்டுவது. அடுத்த ஞாயிறு வரை கழற்றக் கூடாது. பெரிய லென்ஸுக்குள் ஒரு தூசி இருந்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. கேமரா பற்றித் தெரிந்த எவனும் இதைச் சொல்வான். ஆனால் இவர்கள் தூசியைக் கண்டாலே வேர்த்துப்போகிறவர்கள். செல்போன் கேமராவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி விழுந்தால் அது குப்பை. தலையிலிருந்து கால் வரை மூடிக்கொண்டு, காற்றைக்கூட வடிகட்டி விடுகிற அறைக்குள் நாள் முழுக்க அதைத்தான் தேடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியுமா?

தங்கமாரி ரகுவின் லைனில் வேலை பார்த்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் இருந்துகொண்டு, யாரோ விற்ற பழைய கேமராவை 'இலவச இணைப்பு' லென்ஸோடு வாங்கிக் குழுவில் சேர்ந்திருந்தாள். அடக்கமான பெண் என்று நினைத்துவிடாதீர்கள். தன் கைகளைப் பற்றி அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அரிசியில் பாதி இருக்கிற கண்ணாடியை இடுக்கியால் எடுத்து வைப்பதில் அந்த லைனில் அவளுக்கு நிகர் கிடையாது, அதை அவளே எல்லோரிடமும் சொல்வாள். "என் கை வச்சா அது ரிஜெக்ட் ஆவாது, எழுதி வச்சிக்கிடுங்க" என்று புதுப் பெண்களிடம் விரலை ஆட்டுவாள்.

ஆனால் அவள் இன்னும் ட்ரெயினிதான். பயிற்சிக் காலம் முடிகிற வருடம். கன்ஃபர்மேஷன் கிடைத்தால் நிரந்தரம், இல்லையென்றால் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டும். வேறு கம்பெனிக்குப் போகலாமே என்பீர்கள். இந்தச் சாலையில் லைனுக்குப் புதிதாக எடுக்கிற பெண்களுக்கு இருபத்தைந்துதான் எல்லை. எங்கும் எழுதிப் போட்டிருக்க மாட்டார்கள், வாசலிலேயே ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தங்கமாரிக்கு இருபத்தைந்து தாண்டிவிட்டது. இந்த ஒரு கன்ஃபர்மேஷனைத்தான் அவள் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முதலில் ரகுவின் சிபாரிசு வேண்டும், பிறகு தரப் பிரிவுத் தலைவர் காசிராஜன் ஒப்புக்கொள்ள வேண்டும். காசிராஜனும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தார். காலை வணக்கத்தோடு ஒரு சூரியனைப் போடுவார், வேறெதுவும் பேச மாட்டார்.

ஒரு ஞாயிறு சாம்சன் ரகுவின் பக்கத்தில் போய் நின்றான்.

"இன்னா ரகு சார், எல்லாரு லென்ஸையும் டார்ச் அடிச்சு பாத்தாச்சு. உன்து மட்டும் இன்னா, சாமி படமா?"

"இதுல போய் என்னடா பாக்கப் போற?"

"சும்மா பாக்கறேன் சார். பயமா கீதா?"

பயம் என்ற வார்த்தை வந்த பிறகு ரகு கொடுக்காமல் இருக்க முடியுமா? சாம்சன் டார்ச்சை அடித்தான், ஒரு கண்ணை மூடினான், வேண்டுமென்றே நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தூசி இருந்தது. இருக்கத்தான் செய்யும், வெளியில் எடுத்துப் போகிற லென்ஸ்தானே. "நைனா, உள்ள ஒரு ஊரே குடியிருக்குது" என்று கத்திவிட்டு, பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து வெள்ளை லென்ஸின் நெற்றியில் ஒட்டினான். கரை முழுக்கச் சிரிப்பு. ரகுவும் சிரித்தான். அவன் காது சிவந்திருந்ததைத் தங்கமாரி பார்த்தாள்.

படத்துக்கு ஒன்றும் ஆகாது என்று ரகுவுக்குத் தெரியும். அவனே பலருக்குச் சொல்லியிருக்கிறான். ஆனாலும் திங்கட்கிழமை லைனில் அவன் முகம் உர்ரென்று இருந்தது. தங்கமாரி இடைவேளையில் தனியாக அவனிடம் போனாள். தூசி போனால் அவன் முகம் தெளியும், முகம் தெளிந்தால் தனக்கும் நல்லது என்று கணக்குப் போட்டாள். கொஞ்சம் கர்வமும் சேர்ந்துகொண்டது.

"நான் எடுத்துருதேன் சார். அந்தச் செல்போன் லென்ஸுக்கு இது ஆனை. கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்."

ரகு அவள் கையைப் பார்த்தான். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத. சனிக்கிழமை வீட்டுக்கு வா" என்றான்.

படப்பையில் அவன் வீட்டுக் குளியலறையில்தான் ஆபரேஷன் நடந்தது. வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி பரவி, காற்றில் இருக்கிற தூசி அடங்குகிற வரை கதவை மூடி வைத்தார்கள். தங்கமாரி தலையில் க்ளீன் ரூம் தொப்பி, கையில் கையுறை, முகத்தில் மாஸ்க் என்று உள்ளே போய், கவிழ்த்த பக்கெட்டின் மேல் துண்டை விரித்து லென்ஸை வைத்தாள். ரகுவின் மனைவி மதிவதனி வாசலில் நின்றுகொண்டு, "நான் எப்பங்க குளிக்கறது?" என்று கேட்டாள். தங்கமாரி முன் வளையத்தைக் கழற்றுவதற்கு முன்னால், எது எங்கே இருந்தது என்பதற்கு மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டாள். ரப்பர் உறிஞ்சியால் கண்ணாடியைத் தூக்கினாள், ஊதினாள், புள்ளியோடு புள்ளி சேர்த்துத் திரும்ப உட்கார வைத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே துளி தூசி இல்லை. ரகு அன்றைக்கு அவளை வாசல் வரை வந்து வழியனுப்பினான். தங்கமாரி ஷேர் ஆட்டோவில் போகும்போது கன்ஃபர்மேஷன் கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஏரிக்கரையில் ரகு டார்ச்சைத் தானே கேட்டு வாங்கி எல்லோருக்கும் காட்டினான். ஸ்டிக்கரைக் கிழித்து எறிந்தான். சாம்சன் பார்த்தான், தலையாட்டினான்.

"தூசி போச்சு, சரி. சுவரு டெஸ்ட் பண்ணிடலாமே சார்? லென்ஸுன்னா சுவர புடிச்சு காட்டணும்ல."

லென்ஸின் தரம் தெரிய வேண்டுமானால் தட்டையான சுவரை நேர் எதிரே நின்று படம் பிடித்து, நான்கு மூலையும் ஒரே மாதிரி கூர்மையாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இது ஊரறிந்த சோதனை. ரகு தன் லென்ஸுக்கு ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. அந்த விலைக்கு மேல் என்ன சோதனை என்பது அவன் எண்ணம். ஏரிக்குப் பக்கத்தில் மனை விற்கிறவர்களின் நீளமான மதில் இருந்தது. 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். ரகு முக்காலியை நிறுத்தி எடுத்தான், லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினான். 'விற்பனைக்கு' கத்தி மாதிரி இருந்தது. 'மனைகள்' நன்றாக இருந்தது. 'வீட்டு' மட்டும் தண்ணீர் பட்ட மை போலக் கலங்கியிருந்தது.

மறுபடி எடுத்தான். மறுபடியும் இடது ஓரம் கலங்கியது. முக்காலியை நகர்த்தி எடுத்தான். அப்போதும் அப்படியே.

சாம்சன் மெதுவாக, "என் சோடா பாட்டில்ல எடுத்து காட்டட்டா சார்?" என்றான். எடுத்தும் காட்டினான். அவன் பழைய லென்ஸில் மூன்று வார்த்தையும் ஒன்றுபோல் இருந்தன. குழுவில் இத்தனை நாள் ரகுவிடம் பேச்சு வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் உள்ளுக்குள் தீபாவளி. அதை ரகு ஒவ்வொரு முகத்திலும் பார்த்தான். பார்த்துவிட்டுத் தங்கமாரியின் பக்கம் திரும்பினான்.

"இவ கை வெச்சா. அதான் இப்படி ஆயிருக்கு."

"இல்ல சார், நான் சரியாத்தான்..."

"வாய மூடு! நல்லா இருந்த லென்ஸு. கையாம் கை! செல்போன்ல பொம்மைக் கண்ணாடி ஒட்டுற கைக்கு இதெல்லாம் கேக்குதா?"

அவன் சாம்சனின் கையிலிருந்த ஸ்டிக்கர் தாளைப் பிடுங்கினான். ஒன்றை உரித்தான். தங்கமாரியின் வலது கையை இழுத்து, புறங்கையில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். "அடுத்த ஞாயிறு வரைக்கும் எடுக்கக் கூடாது. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் அதைப் படமும் எடுத்தான், நல்ல வெளிச்சம் பார்த்து. தங்கமாரிக்கு அழுகை வரவில்லை, அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அங்கே ஸ்டிக்கரை எடுக்கவில்லை. ஒட்டியவன் கையில் அல்லவா கன்ஃபர்மேஷன் இருந்தது!

ஹாஸ்டலுக்கு வந்ததும் அதை உரித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பசை போகவில்லை, தேய்த்த இடம் சிவந்ததுதான் மிச்சம். புள்ளியோடு புள்ளி சேர்த்துத்தான் வைத்தோம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. கட்டிலில் உட்கார்ந்து குழுவின் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ரகு தன் படங்களை மற்றவர்களைப் போலச் சுருக்கி அனுப்ப மாட்டான். பெரிதாக்கிப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று முழு அளவிலேயே அனுப்புவான். நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி. எல்லாம் நடுவில் உட்கார்ந்திருந்தன, சுற்றிலும் எப்படியும் மங்கலான தண்ணீர். அதில் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆயுதபூஜைக்கு லைன் ஆட்களைக் கம்பெனிக்கு வெளியே வரிசையாக நிற்க வைத்து ரகு தூரத்திலிருந்து எடுத்த படம் வந்தது. வலப்பக்கத்தில் நின்றவர்களின் மூக்குத்தி வரை தெரிந்தது. இடது ஓரத்தில் நின்ற பெண்களுக்கு முகமே இல்லை. அவர்கள் அசைந்துவிட்டார்கள் என்று அன்றைக்கு ரகு திட்டியது அவளுக்கு நினைவு வந்தது. விளையாட்டு விழாப் படத்திலும் இடது ஓரம் அப்படியே. பொங்கல் கோலப் படத்திலும் அப்படியே. வேடந்தாங்கலுக்கு எல்லோரும் வண்டியில் போய்வந்த நாளுக்கு முந்தைய படங்களில் மட்டும் மூலைக்கு மூலை பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிந்தைய ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் லென்ஸைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே அது கெட்டுப்போயிருந்தது. வைத்திருந்தவனுக்கே தெரியவில்லை. தங்கமாரி கட்டிலை விட்டு எழுந்து தனியாகச் சிரித்தாள்.

அந்தப் படங்களை அப்படியே குழுவில் போட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவள் போடவில்லை. ரகுவிடம் மட்டும் காட்டினால், தன்னைக் காப்பாற்றினாள் என்ற நன்றி அவனுக்கு இருக்கும் என்று நினைத்தாள். நன்றியை நம்பிப் போனவர்களை நாம் பார்த்ததில்லையா என்ன?

கம்பெனி கேட்டுக்கு வெளியே இருந்த கேன்டீனில் கூட்டம் கலைந்த பிறகு போனை அவன் முன் வைத்தாள். ரகு ஒவ்வொரு படமாகப் பார்த்தான். ஆயுதபூஜைப் படத்தில் இடது ஓரத்தைப் பெரிதாக்கினான். சாம்பார் சாதம் தட்டில் ஆறிப்போனது.

"யார்கிட்ட காட்டின?"

"யார்ட்டயும் இல்ல சார். ஒங்களுக்கு மட்டும்தான்."

"சாம்சன்?"

"அண்ணனுக்குத் தெரியாது."

ரகு போனைக் கவிழ்த்து வைத்தான். அவன் குரல் இதமாகிவிட்டது. "உன் கன்ஃபர்மேஷன் இந்த வியாழக்கிழமைதானே? உன் பேருக்கு நேரா எஸ்-னுதான் போடப் போறேன். உன் கை நல்ல கைன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் எதுக்குத் தெரியணும்?"

"புரியல சார்."

"அத்தனை பேர் முன்னாடி உன் கையில ஸ்டிக்கர் ஒட்டினேன். இப்ப போய் என் மூஞ்சில நானே ஒட்டிக்கவா? நீ குரூப்ல ஒரு வாய்ஸ் போட்டுடு. நான்தான் கெடுத்தேன், சாரின்னு. விஷயம் முடிஞ்சிடும்."

ரகு தொடர்ந்தான். "லென்ஸைப் புடிச்சிக்கச் சொல்லி உன்கிட்ட குடுத்தேன், நீ ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போய் என்னைக் கேக்காமப் பிரிச்சிட்டேன்னு சொல்லு."

"கேட்டுத்தான சார் பிரிச்சேன்? ஒங்க வீட்ல வச்சி..."

"என் வீட்டு பாத்ரூம்ல வெச்சுன்னு சொல்லுவியா? சொல்லிப் பாரு. அந்தப் பசங்க அதுக்கு என்ன கதை கட்டுவானுங்கன்னு உனக்குத் தெரியாதா? அசிங்கம் எனக்கில்ல, உனக்குத்தான்."

எவ்வளவு அக்கறை பாருங்கள். அவள் மானத்தைக் காப்பாற்றுவதற்காகவே அவள் கழுத்தில் கயிற்றை மாட்டினான்.

ஹாஸ்டல் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தங்கமாரி அதைப் பதிவு செய்தாள். முதல் தடவை, கெடுத்தேன் என்ற வார்த்தை வரவில்லை. அடுத்த தடவை குரல் உடைந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய நாளில் அழாதவள், தன் கையைத் தானே திட்டிக்கொள்ள வேண்டி வந்தபோது அழுதாள். கடைசியில் மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லி முடித்தாள்: "வணக்கம். ரகு சார் லென்ஸை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோயி அவுகளக் கேக்காம நாந்தான் பிரிச்சிட்டேன். பிரிக்கத் தெரியும்னு ஒரு திமிரு. என் கைத் தப்புதான், லென்ஸு மேல ஒரு கொறையும் இல்ல. எல்லாரும் மன்னிச்சிக்கிடுங்க." அனுப்பினாள். கும்பிடு பொம்மைகள் வந்து விழுந்தன. ரகு பெருந்தன்மையாக, 'பரவாயில்லம்மா, எல்லாரும் கத்துக்கறதுதான்' என்று எழுதினான்.

சாம்சன் உடனே கூப்பிட்டான். "இன்னா தங்கச்சி, மூள கீதா உனுக்கு? எதுக்கு அப்டி ஒரு வாய்ஸ் போட்ட?"

"நாந்தான கெடுத்தேன் அண்ணே."

"என்கிட்டயே ரீல் உடாத. வேடந்தாங்கல் போச்சொல அவன் வண்டிலர்ந்து பேக்கோட லென்ஸு ரோட்ல உயுந்துச்சு. நான் பின்னாடி வந்துகினு இருந்தேன், என் கண்ணால பாத்தேன். அன்னிக்கே அது காலி."

"அப்ப அன்னைக்கு என் கையில ஸ்டிக்கர் ஒட்டும்போது ஏன் அண்ணே சொல்லல?"

"அவன் மூஞ்சி தொங்கறத பாக்கணும்னுதான் சுவரு டெஸ்ட்டே வெக்க சொன்னேன். நீ நடுவுல பூந்து அடிய வாங்கிக்கின, நான் இன்னா பண்றது? எப்டியும் நாலு பேரு முன்னாடி கேட்டுர்லாம்னு இருந்தேன். நீயே போய் லென்ஸு நல்ல லென்ஸுன்னு சர்ட்டிபிகேட் குடுத்துட்ட. கெடுத்துட்டியே போ!"

அவன் வருத்தம் முழுக்க அதற்குத்தான். அவளுக்காக ஒரு சொட்டுக்கூட இல்லை. இந்தக் கூட்டத்தில் தங்கமாரியின் மேல் பிரியம் வைத்திருந்தவர் யாராவது உண்டா என்று நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவள் வியாழக்கிழமையைத்தான் நம்பியிருந்தாள்.

வியாழக்கிழமை கூட்ட அறையில் ஏசி சில்லென்று ஓடியது. நடுவில் காசிராஜன், வலப்பக்கம் ரகு, இடப்பக்கம் ஹெச்ஆர் அம்மா. ரகு வாக்குத் தவறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தாளில் அவள் பெயருக்கு எதிரே எஸ் என்றுதான் இருந்தது. காசிராஜன் அதைப் படித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"ரிஜெக்ட் ரொம்பக் கம்மி. லீவும் எடுக்கல. நல்லது. எந்த ஊரும்மா?"

"சங்கரன்கோவில் பக்கம் சார்."

"அடடே, நமக்குத் தென்காசி. சாப்பாடெல்லாம் ஒத்துக்கிடுதா இங்கன?"

ஊர்ப் பேச்சைக் கேட்டதும் தங்கமாரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பயம் விட்டுப்போய்க் கடகடவென்று பேச ஆரம்பித்தாள். "சாப்பாடு பரவாயில்ல சார், அரிசிதான் கொஞ்சம் மோட்டா. வேலைல ஒரு கொறையும் இல்ல. லைன்ல எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுதாங்க."

காசிராஜனின் சிரிப்பு அப்படியே நின்றது. தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே. குரூப்ல வாய்ஸ் போட்டது நீயாம்மா? நம்ம ஊர்ப் பேச்சா இருக்கேன்னு ரெண்டு தடவ கேட்டேன். ரகு லென்ஸை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோயிக் கேக்காமப் பிரிச்சது?"

தங்கமாரி ரகுவைப் பார்த்தாள். ரகு பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது... நாந்தான் சார்."

ஹெச்ஆர் அம்மா முகத்தைச் சுளித்தாள். "அடுத்தவங்க காஸ்ட்லி பொருளை எடுத்துட்டுப் போய், பர்மிஷன் இல்லாம பிரிச்சியா?"

"பிரிக்கத் தெரியும்னு திமிருன்னு நீயே சொன்ன" என்றார் காசிராஜன். குரலில் கோபம் இல்லை, சொந்த ஊர்ப் பெண் இப்படிச் செய்துவிட்டாளே என்ற வருத்தம்தான் இருந்தது. "மத்த தப்பெல்லாம் சொல்லிக் குடுத்துத் திருத்திரலாம்மா. லைன்ல கேக்காமக் கை வைக்கிற ஆளை நான் எப்படி நிரந்தரமா வச்சிக்கிட?"

"அப்படி இல்ல சார். நான் கேட்டுத்தான் பிரிச்சேன். லென்ஸு முன்னாடியே கெட்டிருந்துச்சி. அப்படிச் சொல்லச் சொன்னாங்க சார், அதான் சொன்னேன்."

"அப்போ அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டாள் ஹெச்ஆர் அம்மா.

தங்கமாரியின் போனில் படங்கள் இருந்தன. போனோ, எல்லோருடைய போனையும் போலவே, கேட்டில் செக்யூரிட்டியிடம் இருந்தது. உள்ளே கேமரா கொண்டுவரக் கூடாது என்பது கேமரா செய்கிற அந்தக் கம்பெனியின் சட்டம். அவள் இரண்டு கைகளையும் மேஜையின் மேல் வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கையைப் பிடித்தாள்.

"ரகு சார்ட்டயே கேளுங்க சார். அவுக சொல்லுவாங்க."

மூன்று பேரும் ரகுவின் பக்கம் திரும்பினார்கள். அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுக்கு அதனால் வேலை போகாது, சம்பளம் குறையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

"சொல்லுங்க ரகு" என்றார் காசிராஜன். "உங்களக் கேக்காமத்தான் பிரிச்சாளா?"

ரகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

"ஆமா சார்."

காசிராஜன் தாளில் இருந்த எஸ்ஸை அடித்துவிட்டு, அடுத்த பெண்ணை உள்ளே வரச் சொன்னார்.